உணவுத் தொழிலில் பெண் பொறியாளர் – ஏன் கூடாது?

(பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி)

"சமையலுக்கு எதற்கம்மா எஞ்சினியரிங்?" என்று சிரிப்பவர்கள் ஒரு பக்கம். "சாப்பாட்டில் கெமிக்கல் கலக்கிற வேலையா? நம் குடும்பத்துக்கு வேண்டாம்" என்று முகம் சுளிப்பவர்கள் மறுபக்கம். உணவுத் தொழிற்சாலையில் வேதிப் பொறியாளராக வேண்டும் என்று ஒரு பெண் ஆசைப்பட்டுச் சொல்லிவிட்டால் போதும், மத்தளத்தைப் போல இரு பக்கமும் அவளுக்கு இடிதான். டாக்டர் என்றால் எல்லோருக்கும் புரிகிறது. டீச்சர் என்றால் மகிழ்கிறார்கள். கம்ப்யூட்டர் என்றால் பெருமைப்படுகிறார்கள். இந்த ஒரு வேலை மட்டும், இன்னதென்று தெரிந்துகொள்ளப்படாமலேயே வேண்டாம் எனப்படுகிறது. பதினோராம் வகுப்பில் எந்தப் பிரிவு என்று இன்னும் சில மாதங்களில் எழுதிக் கொடுக்க வேண்டிய நாங்கள், இதைப்பற்றி எங்கள் கருத்தைச் சொல்ல எங்களுக்கும் உரிமை உண்டு என்று நினைக்கிறோம். பெரியவர்கள் பொறுமையோடு படிக்க வேண்டும்.

முதலில், வேதிப் பொறியியல் என்றால் என்ன? வேதியியல் வேறு, வேதிப் பொறியியல் வேறு. ஆய்வுக்கூடத்தில் சோதனைக் குழாயில் ஒன்றைச் செய்து காட்டுபவர் வேதியியலார். அதையே நாளொன்றுக்குப் பல்லாயிரம் லிட்டராக, நேற்றைய தரம் இன்றும், இன்றைய தரம் நாளையும் மாறாதபடி, கட்டுப்படியாகும் விலையில் செய்து தருபவர் வேதிப் பொறியாளர். "பெரிய பாத்திரமாக வைத்தால் முடிந்தது, அதற்கொரு படிப்பா?" என்று கேட்கத் தோன்றும். சூட்சுமமே அங்கேதான் இருக்கிறது.

எங்கள் விடுதிச் சமையலறையை எடுத்துக்கொள்வோம். வீட்டில் நாலு பேருக்கு உப்புமா கிளறுவது ஐந்து நிமிட வேலை. விடுதியில் இருநூறு பேருக்கு அதே ரவை, அதே தண்ணீர்க் கணக்கு என்று போட்டால் என்ன ஆகிறது? அடியில் பிடித்துத் தீய்கிறது, நடுவில் கட்டி தட்டுகிறது, மேலே ரவை ரவையாகவே இருக்கிறது. (விடுதித் தோழியர் இதற்கு மேல் விளக்கம் கேட்க மாட்டார்கள்!) காரணம் சமையற்கார அக்காவின் கைக்குற்றமன்று. பத்தாம் வகுப்புக் கணக்கில் 'அளவியல்' பாடத்தை நினைவுபடுத்திப் பாருங்கள். ஒரு பாத்திரத்தின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் பத்து மடங்காக்கினால் அதன் கொள்ளளவு ஆயிரம் மடங்காகிறது. ஆனால் தீ படும் பரப்பு நூறு மடங்குதான் ஆகிறது. ஆயிரம் பங்கு பண்டத்துக்கு நூறு பங்கு பரப்பின் வழியாகச் சூடு போய்ச் சேர வேண்டும். தீயைக் கூட்டினால் அடி கருகும், குறைத்தால் உள்ளே வேகாது. இந்தச் சிக்கலை அவிழ்ப்பதுதான் வேதிப் பொறியாளரின் அன்றாட வேலை. சூடு எப்படிப் பரவுகிறது, நீர் எப்படி ஆவியாகிறது, ஒரு பொருளுக்குள்ளிருந்து இன்னொன்று எப்படி வெளியேறுகிறது என்பதையெல்லாம் கணக்காகப் போட்டுப் பார்த்து, அதற்கேற்ற கலத்தையும் குழாயையும் பம்பையும் அவர் வகுக்கிறார்.

இந்தப் படிப்புக்கு வயது அதிகமில்லை. இங்கிலாந்தில் மான்செஸ்டர் நகரில் 1887-ஆம் ஆண்டு ஜார்ஜ் டேவிஸ் என்பவர் நிகழ்த்திய சொற்பொழிவுகளிலிருந்து அதன் வரலாற்றைத் தொடங்குவது வழக்கம். பிறகு 1915-இல் அமெரிக்காவின் ஆர்தர் டி. லிட்டில் ஒரு நல்ல கருத்தைச் சொன்னார். எந்தத் தொழிற்சாலையானாலும் அங்கே நடப்பது உலர்த்துதல், வடித்தல், அரைத்தல், ஆவியாக்கல், பிரித்தெடுத்தல் போன்ற சில அடிப்படைச் செயல்கள்தாம். அவற்றைத் தனித்தனியே கற்றுக்கொண்டால் எந்தத் தொழிலுக்குள்ளும் நுழையலாம் என்பது அவர் கருத்து. இந்தப் பட்டியலைப் படித்ததும் எங்களுக்கு நம் அம்மாக்களின் நினைவுதான் வந்தது. காபிப் பொடியில் வெந்நீர் ஊற்றி டிகாக்ஷன் இறக்குவது பிரித்தெடுத்தல். மொட்டை மாடியில் வடாம் காயவைப்பது உலர்த்துதல். பாலுக்கு உறை ஊற்றுவது நொதித்தல். தயிரைக் கடைந்து வெண்ணெய் எடுப்பதும் ஒருவகைப் பிரித்தல்தான். நூறாண்டுக்கு முன் ஓர் அமெரிக்கர் வகுத்த பாடத்தை எழுத்தறியாத நம் பாட்டிமார் கைப்பழக்கமாகவே வைத்திருந்தனர். அப்படியிருக்க, சமையலறை வரை பெண்ணுக்கு ஏற்றதாக இருக்கும் ஒரு வேலை, அதே வேலை ஆலைக்குள் போனதும், சம்பளமும் சேர்ந்துகொண்டதும், ஆண்களுக்கு மட்டும் ஏற்றதாக மாறுவது எப்படி? இதற்கு இதுவரை யாரும் எங்களுக்கு நேரான பதில் சொல்லவில்லை.

காலையில் வாசலுக்கு வரும் பாக்கெட் பாலைப் பார்ப்போம். பல கிராமங்களில் பல மாடுகளிடம் கறந்த பால் அதில் கலந்திருக்கிறது. அதில் நோய்க்கிருமி இருக்கக் கூடாது, பாலின் சுவையும் கெடக் கூடாது. வீட்டில் நாம் பொங்கப் பொங்கக் காய்ச்சுகிறோம். பண்ணையில் அப்படிச் செய்வதில்லை. மெல்லிய எஃகுத் தகடுகள் வரிசையாக அடுக்கப்பட்டிருக்கும். ஒரு தகட்டிடைவெளியில் பால் ஓடும், அடுத்த இடைவெளியில் வெந்நீர் ஓடும். பால் 72 டிகிரி செல்சியஸ் சூட்டில் 15 விநாடிகள் மட்டும் இருந்துவிட்டு, உடனே குளிரூட்டப்பட்டு 4 டிகிரிக்கு இறங்கிவிடும். அளவியல் கணக்கை இங்கே திருப்பிப் போட்டிருக்கிறார்கள் பாருங்கள்! பாலைப் பெரிய அண்டாவில் நிறைக்காமல் மெல்லிய படலமாக ஓடவிட்டதால், சூடு படும் பரப்பு வேண்டிய அளவு கிடைத்துவிட்டது. அதைவிட அழகான வேலை இன்னொன்று உண்டு. சூடேறி வெளியே வரும் பால், தன் சூட்டை உள்ளே வரும் குளிர்ந்த பாலுக்குத் தகட்டின் வழியே கொடுத்துவிடுகிறது. இதனால் அது ஆறுகிறது, இது காய்கிறது, எரிபொருளில் பெரும்பகுதி மிச்சமாகிறது. நம் அடுப்படியில் காய்ச்சிய பாலை ஆற்றும்போது அந்தச் சூடு முழுவதும் காற்றோடு போகிறதே என்று எங்களில் யாரும் அதுவரை வருந்தியதில்லை.

பால் என்றதும் ஆனந்த் நினைவுக்கு வராமல் போகாது. குஜராத்தில் கேடா மாவட்ட விவசாயிகள் 1946-இல் தொடங்கிய கூட்டுறவுச் சங்கத்துக்கு 1949-இல் வந்து சேர்ந்தவர் வர்கீஸ் குரியன். கோழிக்கோட்டில் பிறந்தவர். சென்னை லயோலா கல்லூரியில் இயற்பியலும், கிண்டியில் இயந்திரப் பொறியியலும் படித்தவர். அந்த நாளில் அவர்களுக்கு ஒரு பெருந்தொல்லை இருந்தது. குளிர்காலத்தில் எருமைகள் ஏராளமாகக் கறந்தன, கோடையில் கறவை குறைந்தது. குளிர்காலப் பாலை முழுவதும் பம்பாய் வாங்கிக்கொள்ளாது. வாங்காத பாலை விவசாயி என்ன செய்வார்? பாலைப் பொடியாக்கி வைத்துக்கொண்டால் தீர்ந்தது. ஆனால் எருமைப்பாலில் கொழுப்பு அதிகம், அதைப் பொடியாக்க முடியாது என்று வெளிநாட்டு வல்லுநர்கள் கூறிவிட்டனர். பசும்பால் நாடுகளில் எருமையைப் பற்றி யாருக்கு அக்கறை? குரியனின் நண்பர் எச். எம். தலாயா என்ற பால்வளத் தொழில்நுட்ப வல்லுநர் முடியும் என்றார், செய்தும் காட்டினார். 1955-இல் ஆனந்தில் புதிய பால் பண்ணையைப் பிரதமர் நேரு திறந்துவைத்தபோது, உலகிலேயே முதன்முதலாக எருமைப்பாலிலிருந்து பால்பொடி செய்யும் ஆலையாக அது விளங்கியது.

பொடி எப்படி ஆகிறது என்பதையும் சொல்லிவிடுகிறோம், ஏனெனில் எங்களுக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். முதலில் பாலைக் காற்றழுத்தம் குறைந்த கலத்தில் விட்டுக் குறைந்த சூட்டிலேயே கொதிக்கவைத்துச் சுண்டச் செய்கிறார்கள். மலையுச்சியில் தண்ணீர் குறைந்த வெப்பத்தில் கொதிக்கும் என்று அறிவியல் பாடத்தில் படித்தோமே, அதே தத்துவம். சுண்டிய பாலை உயரமான ஒரு கோபுரத்தின் உச்சியிலிருந்து பனித்துளிபோல் தெளிக்கிறார்கள். கோபுரத்துக்குள் கடும் வெப்பக் காற்று வீசிக்கொண்டிருக்கும். துளி கீழே விழுவதற்குள் நீர் ஆவியாகிப் பொடி மட்டும் வந்து சேர்கிறது. அவ்வளவு சூட்டில் பால் கருகிப்போகாதா? போகாது. வியர்வை உலரும்போது உடம்பு குளிர்வதுபோல, நீர் ஆவியாகும்போது துளி தன்னைத்தானே குளிர்வித்துக்கொள்கிறது. உலர்ந்து முடிந்ததும் உடனே வெளியே எடுத்துவிட வேண்டும், அதுதான் கணக்கு. குரியனும் தலாயாவும் வேதிப் பொறியியல் பட்டம் பெற்றவர்கள் அல்லர் என்பது உண்மை. ஆனால் அவர்கள் செய்து முடித்த வேலையைத்தான் இன்று வேதிப் பொறியியல் வகுப்பில் 'தெளிப்பு உலர்த்தல்' என்று கற்பிக்கிறார்கள். இன்னொரு செய்தி: நாட்டுக்கெல்லாம் பால் வார்த்த குரியனுக்குப் பால் குடிக்கப் பிடிக்காதாம்! எங்கள் விடுதியில் இதைச் சொன்ன நாள் முதல் இரவுப் பாலைத் தட்டிக் கழிப்பவர்களுக்கு ஒரு சாக்கு கிடைத்துவிட்டது.

அந்தக் கோபுரம் கட்டப்பட்டதால் யாருக்கு லாபம்? குளிர்காலத்திலும் பாலைத் திருப்பி அனுப்பாமல் வாங்கிக்கொண்டார்கள். இரண்டு எருமை வைத்திருந்த குடும்பத்துக்கு மாதம் தவறாமல் காசு வந்தது. எருமைக்குத் தீனி வைப்பதும் பால் கறப்பதும் பெரும்பாலும் வீட்டுப் பெண்கள்தாம். ஆலைக்குள் ஒருவர் போட்ட கணக்கு, எங்கோ ஒரு குடிசையில் ஒரு தாயின் கையில் பணமாக வந்து சேர்ந்தது. மைசூரில் 1950-இல் தொடங்கப்பட்ட மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனம் எருமைப்பாலிலிருந்து குழந்தை உணவு செய்யும் முறையையும் கண்டு கொடுத்தது.

குஜராத்துக்குப் போவானேன், நம் காவிரிக் கரையிலேயே உதாரணம் உண்டு. புழுங்கலரிசியைப் பச்சரிசிக்குக் கீழாக நினைப்பவர்கள் இருக்கிறார்கள். நெல்லை ஊறவைத்து, ஆவியில் அவித்து, உலர்த்தி, அதன்பின் அரைப்பதுதான் புழுங்கலரிசி. ஊறி அவியும்போது உமிக்கு அடியிலுள்ள தவிட்டுப் படலத்தின் பி-வகை வைட்டமின்களில் ஒரு பங்கு அரிசியின் உள்ளே இறங்கிவிடுகிறது. பிறகு தவிட்டைத் தீட்டி எடுத்தாலும் சத்து முழுவதும் போய்விடுவதில்லை. அதனால்தான் தீட்டிய பச்சரிசியையே நம்பியிருந்தவர்களை வாட்டிய பெரிபெரி நோய் புழுங்கலரிசி உண்டவர்களை அவ்வளவாக அண்டவில்லை. இதைக் கண்டுபிடித்தவரின் பெயர் எந்தப் புத்தகத்திலும் இல்லை. யாரோ ஒரு கிராமத்துப் பெண்ணாக இருக்கலாம் என்பது எங்கள் ஊகம். நெல்லைப் பற்றி ஆராய்வதற்கென்றே ஏற்பட்ட நெல் பதன ஆராய்ச்சி மையம் தஞ்சாவூரில் வளர்ந்து, இன்று உணவுத் தொழில்நுட்பத்துக்கான தேசிய நிறுவனமாக விளங்குகிறது. 'நிஃப்டெம்' என்று சுருக்கமாகச் சொல்கிறார்கள். அங்கே உணவுத் தொழில்நுட்பத்தில் பி.டெக். படிக்கலாம்.

சேலம் பக்கத்து ஜவ்வரிசி ஆலைகளும் நம் கதைதான். மரவள்ளிக் கிழங்கை அரைத்து மாவை வடித்தெடுத்த பிறகு மிஞ்சும் கழிவுநீர் புளித்து நாறும். அதையே காற்றுப் புகாத தொட்டிகளில் அடைத்து, நுண்ணுயிர்களைக் கொண்டு மக்கவைத்து, வரும் மீத்தேன் வாயுவை எரிபொருளாக்கும் முறை அங்கே வந்திருக்கிறது. ஊரார் மூக்கைப் பிடித்துக்கொண்டு நடந்த தண்ணீரிலிருந்து நெருப்பு! இதுவும் உணவுத் தொழிலில் வேதிப் பொறியாளர் செய்கிற வேலைதான்.

"இதெல்லாம் சரி, பெண்கள் யாராவது செய்திருக்கிறார்களா?" என்பது அடுத்த கேள்வி. இருக்கிறார்கள். அமெரிக்காவில் ஹூஸ்டன் நகரில் 1910-இல் பிறந்த மார்கரெட் ஹட்சின்சன் ருசோ என்ற அம்மையார், 1937-இல் எம்.ஐ.டி.யில் வேதிப் பொறியியலில் முனைவர் பட்டம் பெற்றார். அந்நாட்டில் அந்தப் பட்டத்தைப் பெற்ற முதல் பெண் அவரே. இரண்டாம் உலகப்போர் நடந்தபோது, பென்சிலின் மருந்தைப் பேரளவில் தயாரிக்கும் முதல் வணிக ஆலையை வடிவமைத்த பெருமை அவருக்கு உண்டு. பென்சிலினுக்கும் உணவுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். நிறையவே உண்டு. பென்சிலின் தரும் பூஞ்சைக்கு நல்ல தீனியாக அமைந்தது, மக்காச்சோளத்திலிருந்து மாவு எடுக்கும் ஆலைகளில் மிஞ்சிய ஊறல் நீர். மற்றொன்று, பழரசத்திலும் மிட்டாயிலும் புளிப்புக்குச் சேர்க்கும் சிட்ரிக் அமிலத்தைப் பூஞ்சையை வளர்த்துச் சர்க்கரையிலிருந்து செய்யும் தொழில் முன்பே இருந்தது. அந்தத் தொழிலில் பழகிய நிறுவனம்தான் ஆழமான தொட்டிகளில் பூஞ்சையை வளர்த்து 1944-இல் பென்சிலினைக் குவித்தது. மிட்டாய்ப் புளிப்புக்காகக் கற்ற வித்தை போர்க்களத்தில் காயம்பட்டவர்களின் உயிரைக் காத்தது. ருசோ அம்மையார் திருமணம் செய்துகொண்டு ஒரு மகனையும் வளர்த்தார் என்பதையும் இங்கே எழுதிவைக்கிறோம், ஏனென்றால் அடுத்து வரும் கேள்வி அதுவாகத்தான் இருக்கும்.

நம் நாட்டிலும் தொடக்கம் சென்னையில்தான். கிண்டிப் பொறியியல் கல்லூரியில் 1940-களில் ஏ. லலிதா, பி. கே. திரேசியா, லீலாம்மா ஜார்ஜ் என்ற மூவர் சேர்ந்து படித்தனர். குரியனும் ஏறக்குறைய அதே ஆண்டுகளில் அங்கே மாணவர். லலிதா பதினெட்டு வயதிலேயே கைம்பெண்ணானவர், கையில் குழந்தை. அவருடைய தந்தை அதே கல்லூரியில் பேராசிரியர். மகளைப் படிக்கவைக்க முன்னின்றவர் அவர்தான். ஆண்களை மட்டுமே எதிர்பார்த்து அச்சிட்டிருந்த சான்றிதழில் 'அவன்' என்பதை அடித்துவிட்டு 'அவள்' என்று திருத்திக் கொடுத்தார்களாம். திரேசியா பின்னாளில் கேரளப் பொதுப்பணித் துறையின் தலைமைப் பொறியாளராக உயர்ந்தார். இவர்கள் மின்துறையும் கட்டடத்துறையும் படித்தவர்கள், வேதிப் பொறியியல் அன்று. ஆனால் கதவு திறந்தது அங்கேதான். அந்தக் காலத்தில் ஒரு தந்தை எடுத்த முடிவை இந்தக் காலத்துத் தந்தையர் எடுக்கத் தயங்குவதுதான் எங்களுக்கு விளங்கவில்லை.

இனிக் 'கெமிக்கல்' என்ற அச்சத்துக்கு வருவோம். இந்த அச்சத்தை நாங்கள் கேலி செய்ய மாட்டோம். சீனாவில் 2008-ஆம் ஆண்டு நடந்ததை நினைத்தால் நெஞ்சு பதறுகிறது. பாலில் தண்ணீரைக் கலந்தார்கள். தண்ணீர் கலந்தால் புரதம் குறைந்துவிடும், சோதனையில் அகப்படும். ஆனால் அந்தச் சோதனை புரதத்தை நேராக அளப்பதில்லை, நைட்ரஜனை அளந்து புரதத்தைக் கணக்கிடுகிறது. இதைத் தெரிந்துகொண்டவர்கள், பிளாஸ்டிக் செய்யப் பயன்படும், நைட்ரஜன் மிகுந்த மெலமின் என்ற பொருளைப் பாலில் சேர்த்துவிட்டார்கள். சோதனையில் பால் தேறிவிட்டது. அந்தப் பாலில் செய்த பால்பொடியைக் குடித்த குழந்தைகளுக்குச் சிறுநீரகத்தில் கல் உண்டாயிற்று. ஏறத்தாழ மூன்று லட்சம் குழந்தைகள் பாதிக்கப்பட்டனர், ஆறு குழந்தைகள் இறந்தனர்.

படித்தவர்கள் செய்த பாவம் இது என்பதை மறைக்க முடியாது. சோதனையின் ஓட்டை எங்கே என்று தெரியாதவனால் இதைச் செய்திருக்க இயலாது. அப்படியானால் நல்லவர்கள் இந்தப் படிப்பைவிட்டு விலகி நிற்க வேண்டுமா? விலகி நின்றால் அந்த ஓட்டையை அறிந்தவர்கள் அவர்கள் மட்டுமே ஆவார்கள். அதே வேதியியலைக் கற்ற வேறு சிலர்தாம் மெலமினைக் கண்டுபிடிக்கும் சோதனைகளைக் கொண்டுவந்து குழந்தைகளைக் காத்தார்கள். ஒரு தாய் தன் கண்ணால் பார்த்து நல்ல பால், கெட்ட பால் என்று சொல்லக்கூடிய காலம் போய்விட்டது. அவளுக்குப் பதிலாக ஆலைக்குள் ஒருவர் நின்று பார்க்க வேண்டியிருக்கிறது. முதலாளி அவசரப்படுத்தினாலும், "இந்தத் தொட்டிப் பால் வெளியே போகக் கூடாது" என்று சொல்லும் துணிவு அவருக்கு வேண்டும். சிஸ்டர்கள் எங்களுக்கு நன்னெறி வகுப்பில் சொல்லிக்கொடுக்கும் மனச்சாட்சிக்கு இதைவிடப் பொருத்தமான வேலையிடம் ஏது?

பெரிய குற்றங்களை விடுங்கள். குற்றமென்று சட்டம் சொல்லாத சங்கடங்களும் இந்தத் தொழிலில் உண்டு, அதையும் மறைக்காமல் சொல்கிறோம். சிறுவர்கள் ஒரு பாக்கெட்டோடு நிறுத்த முடியாதபடி உப்பையும் சர்க்கரையையும் எண்ணெயையும் அளந்து சேர்ப்பதும் ஒரு பொறியாளரின் கைதான். பள்ளி வாசல் பெட்டிக்கடையில் எங்கள் காசு எங்கே போகிறது என்று எங்களுக்குத் தெரியாதா! குழந்தைப் பால்பொடியை விளம்பரம் செய்து தாய்ப்பாலை மறக்கடிக்கக் கூடாது என்பதற்காக 1992-இல் நம் நாட்டில் தனிச்சட்டமே போட வேண்டியிருந்தது. ஆகவே, ஆலையில் செய்வதெல்லாம் அமுதம் என்று நாங்கள் வாதாட வரவில்லை. எதைச் செய்வது, எதைச் செய்யாமல் விடுவது என்று முடிவெடுக்கும் மேசையைச் சுற்றிப் பெண்களும் உட்கார வேண்டும் என்கிறோம். குழந்தைக்குச் சோறு ஊட்டிப் பழகிய கைகள் அங்கே இருந்தால் சில பாக்கெட்டுகள் வேறுமாதிரி இருந்திருக்கும் என்பது எங்கள் எண்ணம். இதை நிரூபிக்க எங்களால் முடியாது.

பெற்றோர்களின் உண்மையான கவலை வேறு என்பதையும் அறிவோம். எங்கள் வகுப்பில் அறிவியலில் எப்போதும் முதல் மதிப்பெண் வாங்கும் தோழி ஒருத்தி இருக்கிறாள். பால்பொடிக் கோபுரத்தின் கதையை எங்களுக்கு முதலில் சொன்னவளே அவள்தான். வீட்டில் அவள் இந்தப் படிப்பைப் பற்றி வாயெடுத்ததும் பெரியப்பா கேட்டாராம்: "ஆலையில் ராத்திரி ஷிஃப்ட் போடுவார்கள். பொம்பிளைப் பிள்ளை ராத்திரி இரண்டு மணிக்கு மிஷினுக்குப் பக்கத்தில் நிற்கவா?" அப்பா ஒன்றும் சொல்லவில்லையாம். அம்மா உள்ளே போய்விட்டார்களாம். அவள் இப்போது வணிகவியல் பிரிவு என்று எழுதிக் கொடுக்கப் போகிறாள். அவளுக்கு வணிகவியல் பிடிக்கும் என்றால் எங்களுக்கு மகிழ்ச்சியே. பிடிக்காது என்பது வகுப்பு முழுவதற்கும் தெரியும்.

பெரியப்பாவின் கேள்வி அன்பிலிருந்து பிறந்தது. அதற்குப் பதிலும் இருக்கிறது. 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம், இரவு வேளையில் பெண்கள் ஆலையில் வேலை செய்வதைத் தடுத்தது. பாதுகாப்புக்காக எழுதிய சட்டம்தான், ஆனால் அதைக் காட்டியே பெண்களை வேலைக்கு எடுக்காமல் விடவும் முடிந்தது. 2000-ஆம் ஆண்டு டிசம்பரில் சென்னை உயர்நீதிமன்றம் அந்தத் தடையைச் செல்லாது என்று தீர்ப்பளித்தது. பாதுகாப்புக்கான நிபந்தனைகளையும் உடன் விதித்தது. 2020-இல் பாராளுமன்றம் நிறைவேற்றிய தொழிலாளர் சட்டத் தொகுப்பும், பெண்ணின் சம்மதம் பெற்று, தக்க பாதுகாப்புச் செய்து, இரவுப் பணி கொடுக்கலாம் என்கிறது. சம்மதம் என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். வேண்டாம் என்று அவள் சொல்லலாம், சரி என்றும் அவள் சொல்லலாம். ஆஸ்பத்திரியில் இரவெல்லாம் கண்விழிக்கும் நர்ஸ் அக்காமாரைப் புனிதமான சேவை என்று மேடையில் புகழ்கிறோம். அவர்களும் பெண்பிள்ளைகள்தாம், அதுவும் இரவு இரண்டு மணிதான். மேலும், எல்லா வேதிப் பொறியாளரும் இரவில் இயந்திரத்தருகே நிற்பதில்லை. ஆலையை வரைந்து கணக்கிடுபவர்கள், தரத்தைச் சோதிப்பவர்கள், புதிய உணவுகளை ஆராய்பவர்கள், கழிவுநீரைத் தூய்மையாக்குபவர்கள் என்று பலவகை உண்டு.

வழி எப்படி என்று கேட்கும் தோழியருக்குச் சுருக்கமாகச் சொல்கிறோம். மேல்நிலை வகுப்பில் கணிதம், இயற்பியல், வேதியியல் மூன்றும் உள்ள பிரிவை எடுக்க வேண்டும். தமிழ்நாட்டின் பொறியியல் கலந்தாய்வுக்கு இந்த மூன்று பாடங்களின் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணே அடிப்படை, தனி நுழைவுத் தேர்வு கிடையாது. சென்னையில் அழகப்பச் செட்டியாரின் கொடையால் 1944-இல் எழுந்த ஏ.சி. தொழில்நுட்பக் கல்லூரி இப்போது அண்ணா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தது. அங்கே வேதிப் பொறியியலும் உண்டு, உணவுத் தொழில்நுட்பமும் உண்டு. ஐ.ஐ.டி.க்களுக்கு நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். பெண்கள் மிகக் குறைவாக இருப்பதைக் கண்டு, 2018 முதல் அங்கே மாணவியருக்கென்று கூடுதல் இடங்களை ஏற்படுத்தியிருக்கிறார்கள். இடம் ஒதுக்கிவைத்துக்கொண்டு அவர்கள் கூப்பிடுகிறார்கள், நாம்தான் வணிகவியலில் பெயர் எழுதுகிறோம்.

கடைசியாகத் தலைமையாசிரியை சிஸ்டர் அவர்களுக்கு ஒரு விண்ணப்பம். ஆண்டுதோறும் கல்விச் சுற்றுலாவுக்கு வேளாங்கண்ணிக்கு அழைத்துச் செல்கிறீர்கள், அதில் எங்களுக்கு மகிழ்ச்சியே. எங்கள் ஊரிலிருந்து போகும் வழியில்தான் தஞ்சாவூர் இருக்கிறது. அங்கே அரைநாள் பஸ்ஸை நிறுத்தி, அந்த உணவுத் தொழில்நுட்ப நிறுவனத்தையோ, இல்லையென்றால் ஓர் ஆவின் பால் பண்ணையையோ பார்க்க அனுமதி கேட்டு ஒரு கடிதம் எழுத வேண்டும். கடிதத்தை நாங்களே எழுதிக்கொண்டு வருகிறோம், தாங்கள் கையெழுத்திட்டால் போதும். பெற்றோர்களும் உடன் வரலாம். பஸ்ஸில் பின்வரிசை எப்போதும் காலியாகத்தான் இருக்கிறது. எங்கள் தோழியின் பெரியப்பாவுக்கு ஜன்னலோர இடத்தையே கொடுத்துவிடுகிறோம்.